படம் போட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், எதை நம்புவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கம் ஒருவர் வீட்டு மோட்டார் கொட்டகை ஓரமாக இரவில் ஒரு பாம்பைப் பார்த்திருக்கிறார். கறுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டைகள். போனில் படமெடுத்துப் பல இடங்களில் போட்டிருக்கிறார். ஓரிடத்தில் கட்டுவிரியன் என்கிறார்கள், இன்னோரிடத்தில் "ஓநாய்ப் பாம்புதான், விஷமில்லை, பயப்படாதீங்க" என்கிறார்கள், ஒரு செயலியோ கலிஃபோர்னியாவில் வாழும் கிங் ஸ்நேக் என்று சொல்கிறது. யாரை நம்புவது, இனிமேல் பறவையோ பூச்சியோ எதைப் பார்த்தாலும் சரியான பெயரை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்கிறார்.

பெயருக்குப் போகும் முன்னால் ஒன்று. யாரையாவது பாம்பு கடித்துவிட்டதென்றால் இந்தப் பதிலை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். படம் போட்டு "இது என்ன பாம்பு" என்று கேட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். நம் மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுவது. மருத்துவர் அறிகுறிகளையும் ரத்தம் உறைவதையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார், பாம்பின் பெயர் தெரியாவிட்டாலும் சிகிச்சை நடக்கும். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியே இருக்காது, பல் பட்ட இடம்கூடத் தெரியாமல் போகலாம். குழுவில் யாரோ விஷமில்லை என்றார் என்பதற்காகத் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வதுதான் இதில் மிக ஆபத்தான காரியம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

சரி, யாரையும் கடிக்கவில்லை, பெயர் மட்டும்தான் வேண்டும் என்றால் நான் சொல்வது ஒன்றுதான்: பெயர் சொன்னவர்களை எண்ணாதீர்கள், காரணம் சொன்னவரைத் தேடுங்கள். "கட்டுவிரியன்" என்று இருபது பேர் எழுதியிருந்தாலும் அதில் பதினெட்டுப் பேர் முதல் ஆள் எழுதியதைப் பார்த்து எழுதியவர்களாக இருக்கலாம். ஒரே ஒருவர் "வால் பக்கம் பட்டை இரட்டை இரட்டையாக இருக்கிறது, முதுகின் நடுவரிசைச் செதில் பெரிசு, அதனால் கட்டுவிரியன்" என்று எழுதினால் அந்த ஒரு பதிலை நீங்களே படத்தோடு வைத்துச் சரிபார்க்க முடியும். யாரும் காரணம் சொல்லவில்லையா, "எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். விஷயம் தெரிந்தவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள், பெரும்பாலும் ஒரு பத்தி எழுதிவிடுவார்கள். கோபப்படுகிறவர் சொன்ன பெயரை ஓரமாக வைத்துவிடலாம்.

உங்கள் பாம்பையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் தமிழ்நாட்டில் இதைவிட அதிகமாகக் குழப்பும் ஜோடி கிடையாது. ஓநாய்ப் பாம்புக்கு வெள்ளிக்கோல் வரையன் என்றும் பெயர் உண்டு. அதன் பட்டைகள் கழுத்திலேயே ஆரம்பித்துவிடும், முன்பக்கம் அகலமாகத் தெளிவாக இருக்கும், வாலை நோக்கிப் போகப் போக மங்கிவிடும். கட்டுவிரியனுக்கு இது தலைகீழ். வளர்ந்த பாம்பில் முன்பக்க உடம்பில் பட்டை இருக்காது, இருந்தாலும் புள்ளி புள்ளியாக மங்கலாக இருக்கும், பிறகு மெல்லிய வெள்ளைப் பட்டைகள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாகத் தொடங்கி வால் வரைக்கும் தெளிவாகப் போகும். ஆனால் இதை மட்டும் நம்பிவிடக் கூடாது, கட்டுவிரியன் குட்டிகளில் முன்பக்கமும் பட்டை இருக்கலாம், அதோடு பட்டையே மங்கிப்போன பாம்புகளும் உண்டு. உறுதியான அடையாளம் செதிலில் இருக்கிறது. கட்டுவிரியனின் முதுகு நடுவே ஓடும் ஒரு வரிசைச் செதில்கள் பக்கத்துச் செதில்களைவிடப் பெரியவை, அறுகோண வடிவம். ஓநாய்ப் பாம்பில் அப்படித் தனி வரிசை கிடையாது. தலையைப் பார்த்தால் ஓநாய்ப் பாம்பின் தலை தட்டையாக, கழுத்திலிருந்து பிரிந்து தெரியும், கட்டுவிரியனின் தலை கழுத்தோடு கிட்டத்தட்ட ஒரே அகலம். செத்த பாம்பு என்றால் வாலின் அடிப்பக்கத்தையும் பார்க்கலாம், கட்டுவிரியனில் அந்தச் செதில்கள் பிளவில்லாமல் முழுசாக இருக்கும், ஓநாய்ப் பாம்பில் இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கும். செத்த பாம்பானாலும் வெறுங்கையால் தொடாதீர்கள், குச்சியால் திருப்புங்கள். சுவரேறி ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால் ஓநாய்ப் பாம்பாக இருக்க வாய்ப்பு அதிகம், அது நன்றாக ஏறும். ஆனால் இது வெறும் துப்பு, இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது.

நீங்கள் போட்ட படத்தில் தலை செங்கலுக்கு அடியில் இருக்கிறது, நடு உடம்பில் பிளாஷ் வெளிச்சம் அடித்துச் செதில்கள் வெளுத்துவிட்டன. தெரிவது பின்பாதியும் வாலும் மட்டும். அங்கே பட்டைகள் மெல்லியவையாக, இரண்டிரண்டாக, நுனி வரை மங்காமல் இருக்கின்றன. அதை வைத்துக் கட்டுவிரியன் என்றுதான் நான் சாய்கிறேன். "விஷமில்லை" என்று சொன்னவர் எந்த அடையாளத்தையும் குறிப்பிடவில்லை என்பதையும் கவனியுங்கள். இந்த ஜோடியில் சந்தேகம் இருக்கும் வரை கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு, தரையில் படுப்பதை நிறுத்திவிட்டுக் கட்டிலில் கொசுவலையை நன்றாகச் செருகிக்கொண்டு தூங்குங்கள். பாம்பு வீட்டுக்குள்ளேயே இருந்தால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். இன்னும் நல்ல படம் வேண்டும் என்று கிட்டே போக வேண்டாம், தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுத்த சுமாரான படமே போதும்.

கிங் ஸ்நேக் என்று செயலி சொன்னதைப் பார்த்துச் சிரிப்பு வரலாம், ஆனால் அது ஏன் அப்படிச் சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இந்தச் செயலிகள் ஏற்கெனவே பெயர் குறிக்கப்பட்ட லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியவை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுத்த படங்கள் கொட்டிக் கிடக்கின்றன, நம் ஊர் அந்துப்பூச்சிக்கும் சிலந்திக்கும் அவ்வளவு இல்லை. போதுமான படங்கள் இல்லாத இனம் அதற்குத் தெரியவே தெரியாது, ஆனாலும் விடைத்தாளை வெற்றாக விட மனமில்லாத மாணவன் மாதிரி எதையாவது எழுதிவிடும். எடுத்த இடத்தைக் கொடுத்தால் பெரும்பாலான செயலிகள் ஓரளவு திருந்திவிடும், அந்தப் பக்கம் ஏற்கெனவே பதிவான இனங்களுக்கு முன்னுரிமை கொடுக்கும். யாரும் பார்த்த உயிரினத்தைப் படத்தோடு பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அதைத்தான் செய்கிறது, அவர்களுடைய சீக் செயலி இன்னும் கொஞ்சம் நிதானம், உறுதியில்லாவிட்டால் இனப்பெயருக்குப் போகாமல் குடும்பத்தின் (உறவுள்ள இனங்களின் பெருந்தொகுப்பு) பெயரோடு நின்றுவிடும். செயலி சொல்லும் பெயரைத் தேடலைத் தொடங்க வைத்துக்கொள்ளுங்கள். அந்த இனம் இந்தியாவில் இருக்கிறதா, உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா, இந்த மாதத்தில் வருமா என்று பார்த்தாலே பாதி உளறல் கழிந்துவிடும்.

காரணம் கேட்கிறோம் என்றால் அந்தக் காரணம் தெரிகிற மாதிரி படமும் நாம் கொடுக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். அழகான படம் அடையாளத்துக்கு உதவாமல் போகும், கோணலாக எடுத்த நான்கு படம் உதவும். மேலே, பக்கவாட்டில், முகம், வால் என்று முடிந்த பக்கமெல்லாம் எடுங்கள். இருந்த செடியையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், கம்பளிப்புழுவுக்கெல்லாம் அது எந்த இலையைத் தின்றது என்பதே பாதி விடை. வாட்ஸப்பில் வந்த படத்தை எடுத்துப் போடாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்களும் போய்விடும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

படத்தில் எதைக் காட்ட வேண்டும் என்பது உயிரினத்துக்கு உயிரினம் மாறும். பட்டாம்பூச்சியில் இறக்கையின் அடிப்பக்கம் வேண்டும். தரையோடு தரையாகப் புல்லில் பறக்கும் சின்ன நீலன்கள் மேலே எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், அடிப்பக்கத்தில் புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதுதான் அவற்றைப் பிரிக்கும். வெந்தய வரியன் என்று நினைத்துக் கடந்துபோகும் பட்டாம்பூச்சிகளில் சில, அதைப் போலவே வேஷம் போடும் டானாயிட் எக்ஃப்ளையின் பெண்ணாக இருக்கும். வெந்தய வரியனின் பின்னிறக்கையில் நடுவாக மூன்று கறுப்புப் புள்ளிகள், ஆணுக்கு நான்கு. வேஷக்காரிக்கு முன்விளிம்பை ஒட்டி ஒன்றே ஒன்று. வெந்தய வரியனைத் தின்றால் பறவைக்குக் கசக்கும், மற்றதுக்கு அந்தக் கசப்பு கிடையாது, அதனால்தான் இந்த வேஷம். ஒருமுறை இது தெரிந்துவிட்டால் பிறகு ஒவ்வொரு வெந்தய வரியனிலும் புள்ளி எண்ணாமல் இருக்க முடியாது.

பருந்தில் வாலைப் பாருங்கள். இளம் செம்பருந்து பழுப்பாக இருப்பதால் கரும்பருந்து என்று ஏமாந்துவிடுவோம், ஆனால் செம்பருந்தின் வால் முனை வளைவாக இருக்கும், கரும்பருந்துக்கு வெட்டு விழுந்த மாதிரி பிளவாக இருக்கும். சிலந்தியில் முகத்துக்கு நேராக ஒரு படம், கண்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிடுவார்கள். இரவில் சிசிடிவியில் தெரிந்த விலங்கு என்றால் வாலின் நீளத்தையும், பக்கத்தில் அளவு தெரிகிற பொருளையும் பாருங்கள். ஊரே கதவடைத்துக் கிடக்க வைக்கும் "சிறுத்தை" வீடியோக்களில் எத்தனையோ கடைசியில் காட்டுப்பூனையாக முடிந்திருக்கின்றன. சிறுத்தைக்கு வால் நீளம், காட்டுப்பூனைக்குக் கட்டை. மரநாயையும் புனுகுப் பூனையையும் பிரிக்கவும் வால்தான், வளையம் போட்டிருந்தால் புனுகுப் பூனை.

சில உயிரினங்களுக்குப் படமே இரண்டாம் பட்சம், சத்தம்தான் முக்கியம். குளிர்காலத்தில் நம் பக்கம் வந்து மர உச்சியில் தாவிக்கொண்டே இருக்கும் இலைக் கதிர்குருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீனிஷ் வார்ப்ளர், கிரீன் வார்ப்ளர் என்று இரண்டு உண்டு, கழுத்தை வளைத்துப் பார்த்துப் பார்த்து வலி வந்ததுதான் மிச்சம் என்கிற ரகம். முதலாவது "சிஸ்-விட்" என்று இரண்டு அசையில் கூப்பிடும், இரண்டாவது "சி-சு-விட்" என்று மூன்று அசையில். போனை மேலே நீட்டிப் பதிவு செய்து ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் சரிபார்க்கிறவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. மெர்லின் செயலி சத்தத்தைக் கேட்டே பெயர் சொல்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது சொன்னதை நீங்களும் கேட்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள், கரிச்சான் மற்ற பறவைகளைப் போலக் குரல் கொடுத்தால் அது ஏமாந்துவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளும் இப்படித்தான், கையில் வைத்துப் பார்த்தாலும் பிரிக்க முடியாத இரண்டு தவளைகளின் குரல் சுத்தமாக வேறாக இருக்கும்.

எங்கே கேட்பது? ஐநேச்சுரலிஸ்ட் 2008-இல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது, இன்றைக்கு எல்லா உயிரினங்களுக்கும் சேர்த்துப் பெரிய இடம் அதுதான். அங்கே ஒரு பதிவுக்குத் தேதி, இடம், படம் அல்லது ஒலி இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தைச் சொன்னால் அது "ஆய்வுத் தரம்" ஆகிவிடும். கேட்கப் பெரிசாக இருக்கிறது, நடைமுறையில் இரண்டே பேர் ஒத்துக்கொண்டால் போதும். அந்த இரண்டாவது ஆள் பல நேரம் படத்தை எடுத்த நீங்களேதான்! யாரோ ஒரு பெயர் போட்டதும் நன்றி சொல்லும் விதமாக "ஒப்புக்கொள்கிறேன்" பொத்தானை அமுக்கிவிடுவோம், பதிவு தரம் உயர்ந்து உலகப் பல்லுயிர்த் தரவுத் தளத்துக்கே போய்விடும். இதைச் செய்யாதீர்கள். அடையாளம் உங்கள் கண்ணுக்கே புரிந்தால் மட்டும் அமுக்குங்கள், நன்றியைக் கருத்துப் பெட்டியில் எழுதலாம்.

பெயர் சொன்னவரின் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். தென்னிந்தியத் தட்டான்களில் பல ஆயிரம் பதிவுகளுக்குப் பெயர் சொன்ன ஒருவரின் சொல்லும், அன்றைக்குத்தான் கணக்குத் தொடங்கியவரின் சொல்லும் ஒன்றல்ல. ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் அதிகமாகப் பெயர் சொன்னவர்கள் பட்டியலே அங்கே உண்டு, அதில் ஒருவரைக் குறிப்பிட்டு மரியாதையாகக் கேட்கலாம். தினமும் பத்துப் படத்துக்குக் கேட்டால் எரிச்சல்படுவார்கள், அவர்கள் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கவில்லை.

பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி, தட்டான்களுக்கு பெங்களூரில் இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையம் சார்ந்து நடக்கும் தளங்களை நான் அதிகம் நம்புவேன். அங்கே ஒவ்வொரு படமும் துறை தெரிந்தவர்கள் பார்த்த பிறகே ஏறுகிறது, ஒரே மாதிரி இருக்கும் இனங்களை எப்படிப் பிரிப்பது என்ற குறிப்பும் இருக்கும். இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலும் 2008-லிருந்து நடக்கிறது, செடிகொடிகளுக்கு நல்ல இடம். பறவைக்கு ஈபேர்ட். அங்கே அசாதாரணமான பதிவு போட்டால் அந்தப் பகுதிக்கான சரிபார்ப்பவர் கடிதம் எழுதிக் கேட்பார், பலருக்கு அது விசாரணை மாதிரித் தோன்றுகிறது, அவர் கேட்பதும் காரணத்தைத்தான். ஃபேஸ்புக் குழுக்களில் பாம்புக்கும் சிலந்திக்கும் அருமையான ஆட்கள் இருக்கிறார்கள், வேகமும் அதிகம், ஆனால் யார் நிபுணர், யார் ஆர்வக்கோளாறு என்று நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊகத்தைத் தடைசெய்து, தெரிந்தவர்கள் மட்டும் பதில் சொல்லட்டும் என்று கறாராக நடத்தும் குழுவாகப் பார்த்துச் சேருங்கள்.

இன்னொன்று, எல்லாப் படத்துக்கும் இனப்பெயர் கிடைக்காது. இதை ஏற்றுக்கொள்ளாததால்தான் நிறையத் தவறான பெயர்கள் உலவுகின்றன. பல சிலந்திகளையும் சின்ன வண்டுகளையும் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனம் சொல்ல முடியும். நம் மலைகளில் பாறையிடுக்கில் இருக்கும் நீமாஸ்பிஸ் என்ற பகல்நேரப் பல்லிகள் மலைக்கு மலை வேறு இனம், படத்தை மட்டும் பார்த்து அடித்துச் சொல்கிறவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள். "பேரினம் மட்டும் சொல்ல முடியும், இனம் படத்தில் தெரியாது" என்று ஒருவர் எழுதினால் அவர் தட்டிக்கழிக்கவில்லை, அதுதான் முழுப் பதில்.

படம் எதுவரை கொண்டுபோகும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு மலேசியாவின் சிலாங்கூரில் நடந்ததைச் சொல்லலாம். 2011-இல் ஒருவர் பச்சை நிறக் கண்ணாடி இறக்கைப் பூச்சி ஒன்றைப் படமெடுத்து ஃப்ளிக்கரில் போட்டார். கலிஃபோர்னியாவில் இருந்த பூச்சியியலாளர் ஷான் விண்டர்டன் தற்செயலாக அதைப் பார்த்தார், இறக்கையிலிருந்த கோலம் அவருக்குத் தெரிந்த எந்த இனத்தோடும் பொருந்தவில்லை. ஆனால் பூச்சி பறந்துபோய்விட்டதே! படமெடுத்தவர் பிறகு அதே இடத்தில் இன்னொன்றைப் பிடிக்கும் வரை காத்திருந்தார்கள், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, 2012-இல் செமாக்ரைசா ஜேட் என்று புதிய இனமாக அறிவித்தார்கள். இமாசலப் பிரதேசத்தின் சூராஹ் பள்ளத்தாக்கில் 2020 ஊரடங்கின்போது ஒரு மாணவர் வீட்டுப் பக்கத்தில் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்ட பாம்பும் இப்படித்தான் ஒலிகோடான் சூராஹென்சிஸ் என்று 2021-இல் பெயர் வாங்கியது. அங்கேயும் செதில் எண்ணி, மரபணு பார்த்த பிறகுதான் பெயர்.

இடத்தைச் சொல்லுங்கள் என்று இவ்வளவு சொன்னேன், எல்லாவற்றுக்கும் எல்லோருக்கும் சொல்லாதீர்கள். நட்சத்திர ஆமை, மண்ணுளிப் பாம்பு, தேவாங்கு போன்றவற்றைப் பிடித்து விற்கிறவர்களும் இதே குழுக்களில்தான் இருக்கிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட் அச்சுறுத்தலில் உள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே சுமார் 20 கிலோமீட்டர் அகலக் கட்டத்துக்குள் மறைத்துவிடுகிறது, மற்றவற்றுக்கும் நீங்களே மறைக்கலாம். ஆனால் கீழே குறிப்பில் "எங்க ஊர் ஐயனார் கோயில் பின்னாடி" என்று எழுதிவிட்டால் மறைத்ததற்கு அர்த்தமில்லை. ஃபேஸ்புக்கில் மாவட்டத்தோடு நிறுத்துங்கள். பறவைக் கூட்டின் படமும் வேண்டாம், நல்ல குழுக்களில் நீக்கிவிடுவார்கள்.

ஒரு பெயர் கிடைத்தபின் பதிவை மறந்துவிடாதீர்கள். யாராவது மாற்றுப் பெயர் சொன்னால் அறிவிப்பு வரும், அப்போது போய்ப் படித்துவிட்டு, சரியாகப் பட்டால் நீங்கள் முன்பு சொன்ன பெயரைத் திரும்பப் பெறுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பழைய ஓட்டு சரியான பெயரைத் தடுத்துக்கொண்டே இருக்கும். யாரும் தவறு செய்யாமலே பெயர் மாறுவதும் உண்டு. 2024-இல் ஈபேர்ட் உண்ணிக்கொக்கை மேற்கு, கிழக்கு என்று இரண்டு இனங்களாகப் பிரித்தது, நம் ஊர்க் கொக்குகள் கிழக்குப் பக்கம் போயின. பதிவில் இடம் இருந்ததால் பழையவற்றை மாற்ற யாரும் கைவைக்க வேண்டியிருக்கவில்லை. அந்துப்பூச்சியிலும் பல்லியிலும் இவ்வளவு சுலபமாக முடியாது, இரண்டு மூன்று வருடம் கழித்து யாரோ ஒரு ஆய்வாளர் வந்து "பின்னங்கால் தெரிகிற படம் இருக்கிறதா?" என்று கேட்பார். அதனால் போட்ட படத்தைத் தவிர அன்றைக்கு எடுத்த மற்ற கோணல்மாணல் படங்களையும் போனிலிருந்து அழிப்பதற்கு முன்னால் எங்காவது ஒரு நகல் எடுத்து வையுங்கள்.